ஒரு சிங்கிள், இரண்டு கிட்டார் கலைஞர்கள்: பதிவு முதல் வெளியீடு வரை ஒரு நிகழ்வு ஆய்வு

ஐந்து பேர் கொண்ட ஒரு ராக் குழு தன் முதல் சிங்கிளை (தனிப்பாடல் வெளியீட்டை) வெளியிட்டது. இசைத்தட்டில் ஒருவர் வாசித்த கிட்டார் சோலோ (தனி வாசிப்பு) இருந்தது. இணைய இசைத்தளங்களில் கிடைத்த பதிவில் வேறொருவர் வாசித்தது இருந்தது. காணொளியில் முதலாமவரின் வாசிப்பு ஒலிக்க, திரையில் இரண்டாமவர் அதற்கேற்ப விரல்களை ஓட்டிக்கொண்டிருந்தார். வானொலி நிலையங்களுக்குப் போனது இவற்றிலிருந்து வேறான ஒரு சுருக்க வடிவம். நான்குக்கும் ஒரே தலைப்பு, ஒரே அடையாள எண். ஒருவரும் ஏமாற்ற நினைக்கவில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் எடுத்த முடிவுக்குத் தக்க காரணம் இருந்தது. அப்படியிருந்தும் இரண்டு கலைஞர்களின் உழைப்பு தவறான பெயரில் உலகத்துக்குப் போனது.

வெளியீடு முடிந்து சிக்கல் முற்றிய பிறகு, பதிவுக் கோப்புகளை ஒப்பிட்டு எது எந்த வடிவம் என்று வரையறுத்துத் தரும்படி குழு என்னைக் கேட்டுக்கொண்டது. கோப்புகள், மின்னஞ்சல்கள், சம்பந்தப்பட்டவர்களின் நினைவுகள் ஆகியவற்றை வைத்து எழுதியது இது. குழுவின் ஒப்புதலோடு, பெயர்களைத் தவிர்த்து வெளியிடுகிறேன்.

## பின்னணி

பாடகர், இரண்டு கிட்டார், பேஸ், டிரம்ஸ் என்ற வழக்கமான அமைப்பு. சில ஆண்டுகளாக மேடைகளில் வாசித்துவந்தவர்கள். இந்தப் பாடலை நிகழ்ச்சியின் முடிவில்தான் வாசிப்பார்கள். நீளம் நான்கு நிமிடம் 38 விநாடி. இரண்டாவது பல்லவிக்குப் பிறகு நீண்ட சோலோ வரும். பாடலின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

வரிகளைப் பாடகர் எழுதினார். மெட்டு ஒத்திகைகளில் ஐவரும் சேர்ந்து திரட்டியது. தொடக்கத்தில் வரும் ரிஃப் (திரும்பத் திரும்ப ஒலிக்கும் சிறு இசைத்தொடர்) முதல் கிட்டார் கலைஞருடையது என்பதில் ஒருவருக்கும் ஐயமில்லை. ஆனால் யாருக்கு எவ்வளவு பங்கு என்பது எங்கும் எழுதப்படவில்லை. நண்பர்களுக்குள் அதைப் பேசுவது சங்கடம் என்று தள்ளிப்போட்டார்கள்.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். ஒரு சிங்கிளில் இரண்டு தனித்தனி உரிமைகள் உறைந்திருக்கின்றன. ஒன்று பாடலுக்கானது: வரியும் இசையும் எழுதியவர்களைச் சேரும். மற்றொன்று பதிவுக்கானது: அந்தக் குறிப்பிட்ட ஒலிப்பதிவின் உரிமையாளரையும் அதில் வாசித்தவர்களையும் சேரும். ஒரே பாடலை மூன்று முறை பதிவு செய்தால் பாடல் ஒன்று, பதிவு மூன்று. இந்தக் குழுவில் ஐவருக்கும் முதல் உரிமை பற்றி ஓரளவு தெரிந்திருந்தது. இரண்டாவது அவர்கள் எண்ணத்திலேயே இல்லை. பின்னால் வந்த சிக்கல் முழுவதும் இரண்டாவதில்தான் வெடித்தது.

## பதிவுக்கூடத்தில் இரண்டு நாட்கள்

நிகழ்ச்சிகளில் சேர்த்த பணத்தில் ஒரு ஸ்டூடியோவை இரண்டு நாட்களுக்கு எடுத்தார்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் பதிவு. முதல் நாள் முற்பகல் கிளிக்கோடு, அதாவது வேகத்தைச் சீராக வைக்கும் துடிப்பொலியோடு, தொடங்கினார்கள். நிமிடத்துக்கு 140 துடிப்பு என்று வைத்து, டிரம்மர் காதில் கிளிக்கைக் கேட்டு வாசித்தார். துல்லியமாகவே வாசித்தார். ஆனால் பல்லவி எழவில்லை.

காரணத்தை ஒலிப்பதிவாளர் கண்டுபிடித்தார். ஒத்திகையில் எடுத்த பழைய மாதிரிப் பதிவை அளந்து பார்த்தபோது, சரணத்தில் 138க்கு அருகிலும் பல்லவியில் 144க்கு அருகிலும் வேகம் இருந்தது. சோலோ முடியும்போது அதற்கும் மேலே போயிருந்தது. அந்த ஏற்றம்தான் பாடலைத் தூக்கிக்கொண்டிருந்தது. 140 என்ற நடு எண் சரணத்தை அவசரப்படுத்தியது, பல்லவியை இழுத்துப் பிடித்தது. கிளிக்கையே பகுதிக்குப் பகுதி மாற்றி அமைத்தும் பார்த்தார்கள். அதில் திருப்பங்கள் படிக்கட்டு ஏறுவதுபோல் கேட்டன. மதியத்துக்குப் பிறகு கிளிக்கை நிறுத்திவிட்டு, எல்லோரும் சேர்ந்து ஒரே நேரத்தில் வாசிப்பது என்று முடிவாயிற்று.

அடுத்த கேள்வி ஆம்ப்களை (கிட்டாரின் ஒலிபெருக்கிகளை) எங்கே வைப்பது என்பது. பேஸ் நேரடிக் கம்பி வழியாகப் போனது. ரிதம் கிட்டாரின் ஆம்ப்பை ஒரு சிறிய அறைக்குள் அடைத்தார்கள். பாடகர் கட்டுப்பாட்டு அறையிலிருந்து வழிகாட்டுக் குரல் கொடுத்தார். முதல் கிட்டார் கலைஞரின் ஆம்ப்பையும் தனி அறையில் வைக்கத்தான் ஒலிப்பதிவாளர் விரும்பினார். கலைஞர் மறுத்தார். அவருடைய சோலோவில் நீண்டு ஒலிக்கும் சுரங்கள் ஃபீட்பேக்கால் பிறப்பவை. ஆம்ப்பிலிருந்து வரும் ஒலி காற்றின் வழியே கம்பிகளை மீண்டும் அதிரச் செய்து, அந்த அதிர்வு மறுபடி ஆம்ப்புக்குள் போகும் சுழற்சி அது. கிட்டாரும் ஆம்ப்பும் ஒரே அறையில், நெருக்கமாக இருந்தால்தான் நடக்கும். அவர் டிரம்ஸைப் பார்த்து வாசிக்க வேண்டும். ஆகவே ஆம்ப்பும் டிரம்ஸ் அறையில் நின்றது. இடையில் தடுப்புப் பலகைகள் வைத்தார்கள்.

இதனால் கிட்டார் ஒலி டிரம்ஸ் மைக்குகளுக்குள் கசியும். சோலோவை மறுபடி வாசிக்க விரும்பினால் இந்த டேக்கில் (ஒருமுறை வாசித்து எடுத்த பதிவில்) பழையதைச் சுத்தமாக நீக்க முடியாது என்று ஒலிப்பதிவாளர் அன்றைக்கே சொன்னார். நான் பேசிய எல்லோருக்கும் அது நினைவிருக்கிறது. எழுதிவைத்தவர் ஒருவருமில்லை.

அந்த முடிவை நான் குறைசொல்ல மாட்டேன். நான்காவது டேக்கைத் தேர்ந்தெடுத்தார்கள். அதைக் கேட்கும் எவரும் சோலோவின் தொடக்கத்தில் டிரம்மர் திடீரென்று விழித்துக்கொள்வதைக் கேட்கலாம். ஒருவர் மற்றவரைப் பார்த்து வாசித்ததன் விளைவு அது. கசிவும் அழகாகவே அமைந்தது. டிரம்ஸுக்கு மேலே தொங்கிய ஓவர்ஹெட் மைக்குகள் ஆம்ப்பிலிருந்து நான்கு மீட்டர் அளவு தள்ளி இருந்தன. ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் ஓடும். ஆகவே சோலோ, ஆம்ப்புக்கு முன்னால் வைத்த மைக்கை விட 12 மில்லிவிநாடி அளவு பிந்தி அங்கே போய்ச் சேர்ந்தது. அந்தச் சிறு தாமதம்தான் அறையின் ஆழத்தைக் காதுக்குச் சொல்கிறது. எந்த செயற்கை எதிரொலியும் அதைத் தந்திருக்காது.

இரண்டாம் நாள் முதன்மைக் குரலும் பின்னணிக் குரல்களும் பதிவாயின. அதில் சொல்ல வேண்டிய சிறப்பு எதுவுமில்லை.

## தட்டுக்குப் போன மிக்ஸ்

மிக்ஸ், அதாவது தனித்தனி ஒலிகளைச் சமன்செய்து ஒன்றாக்கும் வேலை, இரண்டு வாரங்களில் முடிந்தது. இதை இனி முதல் மிக்ஸ் என்று குறிப்பிடுகிறேன். ஐவரும் கேட்டு ஒப்புக்கொண்டார்கள்.

7 அங்குல இசைத்தட்டாகவும் வெளியிட வேண்டும் என்பது குழுவின் ஆசை. நிமிடத்துக்கு 45 சுழற்சி ஓடும் இந்த வடிவம் 1949இல் ஆர்சிஏ விக்டர் கொண்டுவந்தது. ராக் இசையின் சிங்கிள் என்ற கருத்தே அந்தச் சிறு தட்டின் ஒரு பக்கத்தில் வளர்ந்ததுதான். ஆனால் தட்டு அழுத்துவதற்கு மாதக்கணக்கில் வரிசையில் காத்திருக்க வேண்டும். இணையத்தில் வெளியிடச் சில வாரங்கள் போதும். ஒரே நாளில் இரண்டும் வெளிவர வேண்டுமானால் தட்டுக்கான மாஸ்டர் (வெளியீட்டுக்குத் தயாரான இறுதி ஒலி) வெகு முன்னதாகப் போயாக வேண்டும். போயிற்று.

தட்டுக்கான மாஸ்டரிங் தனி வேலை. பள்ளத்தின் அகலம் ஒலியின் வலிமையைப் பொறுத்தது. பாடல் நீண்டால் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும். நெருக்கினால் ஒலி அளவையோ பேஸ் எனும் தாழ்ந்த ஒலிகளையோ குறைத்தாக வேண்டும். 7 அங்குலத்தில் நான்கு நிமிடத்தைத் தாண்டினாலே இந்த இழுபறி தொடங்கிவிடும். பாடலைக் குறைக்கலாமா என்று வெட்டும் பொறியாளர் கேட்டார். குழு மறுத்தது. பேஸை இடம் வலமாகப் பிரிக்காமல் நடுவில் வைத்து, ஒலி அளவைச் சற்றே தாழ்த்தி முழு நீளத்தையும் வெட்டினார்கள். சோதனைத் தட்டு வந்தது, ஒப்புதலும் போனது. உறையில் ஐவரின் பெயர்களும் யார் எதை வாசித்தார்கள் என்பதும் அச்சாயின. பிந்தி நடந்த எல்லாவற்றையும் பார்க்கும்போது, முழு வெளியீட்டிலும் பிழையில்லாமல் இருந்த விவரம் அந்த அட்டை உறை ஒன்றுதான்.

இந்தக் கட்டத்தில் குழுவின் மேலாளர் பதிவுக்கு ஓர் ஐஎஸ்ஆர்சி எண் பெற்றார். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் தனியாக வழங்கப்படும் 12 எழுத்து, எண் அடையாளம் இது. முதல் ஐந்து இடங்கள் எண்ணை வழங்கியவரைக் காட்டும். அடுத்த இரண்டு ஆண்டு. கடைசி ஐந்து வரிசை எண். பதிவு மாறாதவரை எங்கே வெளிவந்தாலும் எண் மாறாது. பதிவு மாறினால் எண் மாற வேண்டும். மேலாளர் அதை 'பாடலின் எண்' என்று தன் குறிப்பேட்டில் எழுதினார். பாடலுக்கு அல்ல, முதல் மிக்ஸுக்கு உரிய எண் அது.

காணொளி எடுக்கும் குழுவுக்கும் இதே முதல் மிக்ஸ் அனுப்பப்பட்டது. படப்பிடிப்புக்குத் தேதி குறிக்கவில்லை.

## விலகலும் புதிய சோலோவும்

தட்டு அழுத்தும் வரிசையில் இருந்தபோது முதல் கிட்டார் கலைஞர் குழுவிலிருந்து விலகினார். காரணம் சொந்த வாழ்க்கை தொடர்பானது. இந்த ஆய்வுக்குத் தேவையில்லை. பிரிந்தபோது மனக்கசப்பு இல்லை.

புதியவர் சேர்ந்தார். திறமையானவர், பொறுமையானவர். வெளியீட்டை ஒட்டி நடக்கவிருந்த நிகழ்ச்சிகளில் அவர்தான் வாசிக்கப் போகிறார். மக்கள் கேட்கும் பதிவிலும் அவரே இருந்தால் நல்லது என்று மேலாளர் கருதினார். பாடகருக்கு முழு உடன்பாடு இல்லை; டிரம்மருக்கு அறவே இல்லை. ஆனாலும் புதியவரை வரவேற்கும் எண்ணத்தில் ஒப்புக்கொண்டார்கள். அழுத்தத்துக்குப் போய்விட்ட தட்டைப் பற்றி அந்தக் கூட்டத்தில் பேச்சு வந்ததா என்று கேட்டேன். ஆளுக்கொரு விடை கிடைத்தது.

மிக்ஸ் செய்தவர் பழைய கோப்பைத் திறந்து, முதல் கலைஞரின் சோலோ ட்ராக்கை அணைத்துவிட்டு, புதியவரின் வாசிப்பைச் சேர்த்தார். உடனே சிக்கல் தெரிந்தது. ட்ராக்கை அணைத்தும் சோலோ போகவில்லை. ஓவர்ஹெட் மைக்குகளிலும் அறை மைக்கிலும் பழைய சோலோ மெலிதாக நின்றது. அந்த மைக்குகளை அணைத்தால் டிரம்ஸின் உடலே போய்விடும்.

அதற்கு அவர்கள் கண்ட வழி, புதியவர் பழைய சோலோவின் எலும்புக்கூட்டை ஒட்டியே வாசிப்பது. நீண்டு நிற்கும் சுரங்கள் அதே இடங்களில் விழுந்தால் அடியிலிருக்கும் கசிவு மறைந்துவிடும்; வேறு சுரம் வாசித்தால் இரண்டும் உரசும். புதியவர் தன் போக்கில் தயார் செய்துகொண்டு வந்திருந்த சோலோவைக் கைவிட்டு, பழையதைக் கேட்டுக் கேட்டு, இணைப்புச் சுரங்களை மட்டும் தன்னுடையதாக்கி வாசித்தார். அதை அவர் செய்த நேர்த்தியை நான் மதிக்கிறேன். ஆனால் அங்கே இரண்டு செய்திகள் உறுதியாகிவிட்டன. முதலாவது, இரண்டாவது மிக்ஸிலும் முதல் கலைஞர் ஒலிக்கிறார். இரண்டாவது, புதிய சோலோவின் கட்டமைப்பு அவருடையது. ஒருவரும் அன்று அதை இப்படிச் சொல்லிப் பார்க்கவில்லை.

## வெளியீடு

2015 ஜூலை 10 முதல் புதிய இசை உலகெங்கும் வெள்ளிக்கிழமைகளில் வெளிவருவது பொது வழக்கமாகியிருக்கிறது. குழுவும் ஒரு வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தது.

அந்த வாரத்துக்குள் போய்ச் சேர்ந்தவை இவை. இசைத்தளங்களுக்கு விநியோகஸ்தர் வழியாக இரண்டாவது மிக்ஸ் போனது. குறிப்பேட்டிலிருந்த எண்ணே அதற்கும் இடப்பட்டது. வாசித்தவர்களின் விவரம் தட்டின் உறையிலிருந்து அப்படியே நகலெடுக்கப்பட்டது. ஆகவே புதியவரின் பெயர் இல்லை. படப்பிடிப்புக்குப் புதியவர் வந்தார். படத்தொகுப்பாளரிடம் இருந்ததோ முதல் மிக்ஸ். அவருக்கு வேறொன்று இருப்பதே தெரியாது. வானொலிக்குச் சுருக்கம் கேட்டபோது மேலாளர் தன் கணினியில் முதலில் கிடைத்த கோப்பை அனுப்பினார். அது முதல் மிக்ஸ். சோலோவின் பாதியை வெட்டி மூன்றரை நிமிடத்துக்குள் சுருக்கி, அதே எண்ணோடு நிலையங்களுக்கு அனுப்பினார்கள். கோப்புகளின் பெயர்கள் எல்லாவற்றிலும் பாடல் தலைப்பும் 'இறுதி' என்ற சொல்லும் இருந்தன. தேதியோ டேக் எண்ணோ இல்லை.

## முதல் வாரங்களில் தெரிந்தவை

தட்டு வாங்கிய ஒருவர்தான் முதலில் கேட்டார்: வீட்டில் கேட்கும் சோலோவும் கைப்பேசியில் கேட்கும் சோலோவும் ஏன் வேறுபடுகின்றன? குழு அதை மாஸ்டரிங் வேறுபாடு என்று எண்ணிக் கடந்துபோனது. அப்படி எண்ணியதற்கு ஓரளவு இடமிருந்தது. தட்டின் ஒலி தாழ்ந்தது. இணையப் பதிவு அழுத்திச் செறிவாக்கப்பட்டது. ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் ஒலி அளவை வழக்கமாக −14 எல்யூஎஃப்எஸ் (கேட்கும் உரப்பை அளக்கும் அலகு) அளவுக்குக் கொண்டுவந்து சமப்படுத்தும் என்பதால் அந்தச் செறிவு உரத்த ஒலியாகக் கேட்கவில்லை. இறுக்கமாக மட்டுமே கேட்டது. இவற்றால் சோலோவின் தன்மை மாறித் தோன்றலாம். சுரங்கள் மாறித் தோன்றாது.

பிறகு காணொளிக்குத் தடை வந்தது. தளத்தின் தானியங்கி ஒலிரேகை ஒப்பீடு, குழுவின் சொந்தக் காணொளியையே வேறொருவர் உரிமை கோரும் ஒலியாக அடையாளம் கண்டு, வருமானத்தை நிறுத்திவைத்தது. விநியோகஸ்தர் ஒப்படைத்த இரண்டாவது மிக்ஸும் காணொளியின் முதல் மிக்ஸும் பெரும்பகுதி ஒரே ஒலி. ஒப்பீடு தன் வேலையைச் சரியாகவே செய்தது. குழுவின் கணக்குக்கும் விநியோகஸ்தரின் கணக்குக்கும் உள்ள உறவுதான் பதிவாகியிருக்கவில்லை. விளக்கம் எழுதப் போனபோது, ஒரே எண்ணில் பொருந்தாத இரண்டு கோப்புகள் இருப்பது வெளிப்பட்டது.

இதற்கிடையில் விலகிய கலைஞர் எழுதினார். மரியாதையான கடிதம். காணொளியில் தன் விரல்கள் வாசித்ததற்கு இன்னொருவர் முகம் கொடுப்பதைப் பார்க்க வேதனையாக இருக்கிறது என்றும், பணத்தைப் பிறகு பேசலாம், முதலில் பெயர் வேண்டும் என்றும் கேட்டிருந்தார். அதே வாரம் புதிய கலைஞரும் மேலாளரிடம் தயங்கித் தயங்கிப் பேசினார். இசைத்தளங்களில் ஒலிப்பது தன் வாசிப்பு. பெயர் மட்டும் தன்னுடையதில்லை. இருவர் கேட்டதும் ஒன்றையேதான்.

## கோப்புகளைத் திறந்தபோது

நான் இந்த இடத்தில் உள்ளே வந்தேன். முதலில் செய்தது எளிய சோதனை. மாஸ்டரிங்குக்கு முந்தைய இரண்டு மிக்ஸ்களையும் ஒரே நேரக்கோட்டில் வைத்து, ஒன்றின் அலையைத் தலைகீழாகத் திருப்பி, இரண்டையும் சேர்த்து ஓட்டினால், இரண்டிலும் ஒன்றாக இருப்பது ஒன்றையொன்று அழித்துவிடும். வேறுபடுவது மட்டும் எஞ்சும். தொடக்கத்திலிருந்து இரண்டாவது பல்லவியின் முடிவு வரை மிக மெல்லிய எதிரொலி எச்சத்தைத் தவிர எதுவும் கேட்கவில்லை. சோலோ தொடங்கியதும் இரண்டு கிட்டார்களும் அருகருகே எழுந்து வந்தன. டிரம்ஸ் மட்டும் அங்கேயும் முழுமையாக அழிந்துபோனது. இரண்டு மிக்ஸ்களிலும் டிரம்ஸ் டேக் ஒன்றே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பிறகு ஓவர்ஹெட் ட்ராக்குகளை மட்டும் தனியாகக் கேட்டேன். சிம்பல் ஓய்ந்து, அடிக்கும் அடிக்கும் இடையில் மௌனம் விழும் இடங்களில் முதல் கலைஞரின் நீண்ட சுரம் தெளிவாக நிற்கிறது. அதைக் குழுவினர் அனைவரையும் உட்காரவைத்துப் போட்டுக் காட்டினேன். அதுவரை இரண்டாவது மிக்ஸில் முதல் கலைஞருக்கு இடமில்லை என்றே அனைவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். கேட்ட பிறகு அந்தப் பேச்சு நின்றது.

இப்படி நடப்பது புதிதில்லை. பீட்டில்ஸ் குழுவின் முதல் சிங்கிளான 'லவ் மீ டூ' 1962இல் மூன்று வெவ்வேறு டிரம்மர்களோடு பதிவாயிற்று. ஜூனில் பீட் பெஸ்ட், செப்டம்பர் 4 அன்று ரிங்கோ ஸ்டார், ஒரு வாரம் கழித்து ஸ்டூடியோ கலைஞரான ஆண்டி வைட். அக்டோபர் 5 அன்று வெளிவந்த சிங்கிளில் ரிங்கோ வாசித்த பதிவு இருந்தது. அடுத்த ஆண்டு வந்த ஆல்பத்தில் ஆண்டி வைட் வாசித்தது இடம்பெற்றது. அந்த இரண்டாவது பதிவிலும் ரிங்கோ இருக்கிறார், தாம்புரின் வாசித்தபடி. எது எந்தப் பதிவு என்று பிரித்தறிய இன்றும் கேட்பவர்கள் தேடுவது அந்தத் தாம்புரினைத்தான். யார் எந்த நாளில் என்ன வாசித்தார்கள் என்பது குறிப்புகளில் இருந்ததால்தான் இவ்வளவும் நமக்குத் தெரிகிறது.

## எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மூன்று வழிகள் பேசப்பட்டன. இசைத்தளங்களிலிருந்து இரண்டாவது மிக்ஸை எடுத்துவிட்டு முதல் மிக்ஸை ஏற்றுவது டிரம்மரின் விருப்பம். இரண்டாவது மிக்ஸையே நிலைநிறுத்திக் காணொளியை மறுபடி தொகுப்பது மேலாளரின் விருப்பம். இரண்டையும் வெவ்வேறு பதிவுகளாக ஒப்புக்கொண்டு வெளியிடுவது மூன்றாவது.

மூன்றாவதையே நான் பரிந்துரைத்தேன். ஓர் எண்ணுக்குள் ஒலியை ஓசையின்றி மாற்றிவைத்தால், அந்த எண்ணில் ஏற்கெனவே பதிவான கணக்குகள் எல்லாம் வேறொரு பதிவைச் சுட்டத் தொடங்கும். விரும்பிச் சேமித்து வைத்தவர்களின் பட்டியலில் பாடல் சொல்லாமல் மாறிப்போகும். புதியவரின் உழைப்பும் சுவடின்றிப் போகும். மறுபுறம், தட்டு மக்களின் கைகளில் இருக்கிறது. அதைத் திரும்பப் பெற முடியாது. முதல் மிக்ஸை மறைக்க முயல்வதில் பொருளில்லை.

அடையாள எண்ணைப் பிரிப்பதில் ஒரு சிடுக்கு இருந்தது. விதிப்படி பழைய எண் முதல் மிக்ஸுக்கு உரியது. ஆனால் அந்த எண்ணில் இணையத்தில் கேட்கப்பட்டதெல்லாம் இரண்டாவது மிக்ஸ். தட்டு ஓடும்போது எண் எங்கும் பதிவாவதில்லை; எண் அதன் உறையிலும் அச்சாகவில்லை. ஆகவே, பொதுவெளியில் எந்த ஒலியோடு அது ஒட்டிக்கொண்டதோ அதனோடே விட்டுவிடுவது என்று விநியோகஸ்தரோடும் எண் வழங்கியவரோடும் கலந்து முடிவு செய்தோம். முதல் மிக்ஸுக்கும், சுருக்க வடிவத்துக்கும், காணொளிக்கும் தனித்தனியாக மூன்று புதிய எண்கள் பெறப்பட்டன. காணொளிப் பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி உண்டு என்பது குழுவுக்கு அன்றுதான் தெரிந்தது. முதல் மிக்ஸ் 'தட்டு வடிவம்' என்ற துணைத்தலைப்போடு இசைத்தளங்களுக்கும் போயிற்று.

பெயர்கள். இசைத்தளங்களில் உள்ள இரண்டாவது மிக்ஸில் இரண்டு கிட்டார் கலைஞர்களின் பெயர்களும் சேர்க்கப்பட்டன. புதியவர் இதற்குத் தடை சொல்லவில்லை. ஓவர்ஹெட் ட்ராக்கைக் கேட்டபோதே அவர் தலையசைத்துவிட்டார். தன் வாசிப்பு அடங்கிய ஒலிப்பதிவில் வாசித்தவராக அடையாளம் காட்டப்படுவது கலைஞரின் தார்மிக உரிமை என்று 1996ஆம் ஆண்டின் வைப்போ (உலக அறிவுசார் சொத்து அமைப்பு) நிகழ்த்துகைகள், ஒலிப்பதிவுகள் உடன்படிக்கை தன் ஐந்தாவது பிரிவில் சொல்கிறது. இதைப் படித்துக் காட்டியபோது மேலாளர் வியந்தார். பெயரைச் சேர்ப்பது குழுவின் தாராளம் என்றே அதுவரை அவர் நினைத்திருந்தார்.

பாடலின் பங்கு தனியாகப் பேசப்பட்டது. இதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது. சோலோ பாடலின் பகுதியா, வாசிப்பின் பகுதியா? பொதுவாக மெட்டும் வரியும் பாடல். சோலோ வாசிப்பைச் சேர்ந்தது. ஆனால் இங்கே அடுத்தவர் அதே கட்டமைப்பைப் பின்பற்றித்தான் வாசிக்க வேண்டியிருந்தது. மேடையிலும் அதையே வாசிக்கிறார். அப்படிப் பார்த்தால் அது பாடலுக்குள் குடியேறிவிட்டது என்பது என் கருத்து. குழு அதை முழுதாக ஏற்கவில்லை. ரிஃப்பை முன்வைத்து முதல் கலைஞருக்கு ஐந்தில் ஒன்றைவிடச் சற்றுக் கூடுதலான பங்கு தருவதாகவும், சோலோவைத் தனியே குறிப்பிடாமல் விடுவதாகவும் உடன்பட்டார்கள். ஐவரும் கையெழுத்திட்டார்கள். புதியவருக்குப் பாடலில் பங்கில்லை, பதிவில் உண்டு. அதை அவர் புரிந்துகொண்டார்.

## பின்விளைவு

காணொளியின் தடை நீங்கியது. நிறுத்திவைக்கப்பட்ட வருமானமும் வந்தது. காணொளியின் இறுதியில் சோலோ வாசித்தவர் யார் என்ற வரி சேர்க்கப்பட்டது. திரையில் தெரிபவர் வேறொருவராக இருப்பதைப் பற்றிய குழப்பம் அதோடு அடங்கியது. விலகியவர் நன்றி சொல்லி எழுதினார். ஒரு நிகழ்ச்சியில் இந்தப் பாடலுக்கு மட்டும் அவரையும் மேடைக்கு அழைத்து, இருவரும் மாறி மாறி வாசித்தார்கள் என்று டிரம்மர் மகிழ்ச்சியோடு சொன்னார்.

எல்லாம் சரியாகிவிடவில்லை. முதல் வாரங்களில் வானொலிகளில் ஒலித்த சுருக்க வடிவமும் இசைத்தளங்களின் இரண்டாவது மிக்ஸும் ஒரே எண்ணில் அறிக்கையாகியிருக்கின்றன. பல நாடுகளில் வானொலி ஒலிபரப்புக்காக வாசித்தவர்களுக்கு ஒரு தொகை உண்டு. 1961ஆம் ஆண்டின் ரோம் உடன்படிக்கை அதற்கு அடித்தளமிட்டது. அந்தத் தொகை ஒரு பதிவில் வாசித்தவர்களாகப் பதிவுசெய்யப்பட்டவர்களுக்குப் போகும். முதலில் பதிவான பட்டியல் உறையின் நகல். அந்த வாரங்களின் கணக்கைப் பின்னோக்கிப் பிரிக்க இயலவில்லை.

## என்ன மாற வேண்டும்

குழு தன் அடுத்த பாடலைப் பதிவு செய்தபோது சில நடைமுறைகளை ஏற்படுத்திக்கொண்டது. ஸ்டூடியோவை விட்டுக் கிளம்புமுன் ஒரு தாள் நிரப்பப்படுகிறது. எந்த டேக், யார் எதை வாசித்தார், எந்த மைக்கில் யாருடைய ஒலி கசிந்திருக்கிறது என்பதுவரை அதில் இருக்கும். கசிவைப் பற்றிய அந்த வரியை ஒலிப்பதிவாளரே கேட்டுச் சேர்த்தார். வாசித்தவர்கள் அதிலேயே கையெழுத்திடுகிறார்கள். நட்பு நன்றாக இருக்கும் நாளில் இதைச் செய்வதற்கு ஐந்து நிமிடம் போதும். பிரிந்த பிறகு மாதங்கள் போதாது.

கோப்பின் பெயரில் டேக் எண், மிக்ஸ் எண், தேதி மூன்றும் இருக்க வேண்டும். 'இறுதி' என்ற சொல்லைப் பயன்படுத்துவதில்லை. ஒவ்வொரு கோப்புப் பெயருக்கும் எதிரே அதன் எண்ணை எழுதிய ஒரே பட்டியலை மேலாளரும் மிக்ஸ் செய்பவரும் பகிர்ந்துகொள்கிறார்கள். தட்டுக்கு ஒரு கோப்பு போய்விட்டால் அதன் பிறகு பதிவில் செய்யும் எந்த மாற்றமும் புதிய பதிவாகவே கருதப்படும். புதிய எண், புதிய துணைத்தலைப்பு, புதிய பெயர்ப் பட்டியல். எந்த வடிவத்தையும் யாருக்கு அனுப்பினாலும், காணொளித் தொகுப்பாளர் உட்பட, அனுப்பிய நாள் அந்தப் பட்டியலில் ஏறும்.

ஆம்ப்பை டிரம்ஸ் அறையில் வைப்பதை மட்டும் அவர்கள் கைவிடவில்லை. கைவிட வேண்டாம் என்றே நானும் சொன்னேன். தனித்தனியாகப் பிரித்துப் பதிவு செய்தால் யாரையும் எளிதாக மாற்றலாம். அந்த வசதிக்காக, ஒருவரையொருவர் பார்த்து வாசிக்கும் பதிவை இழப்பது இந்தக் குழுவுக்குப் பெரிய நட்டம். ஒரே அறையில் வாசித்தால் அந்த ஐவரும் அந்தப் பதிவில் நிலையாக இருப்பார்கள் என்பதை ஏற்றுக்கொண்டு முடிவெடுக்க வேண்டும், அவ்வளவுதான். அப்படிப் பதிவான ஒரு பாடலில் பின்னால் ஒருவரை மாற்ற விரும்பினால், ஐவரும் மறுபடி அறைக்குள் போய்ப் புதிதாக வாசிப்பது என்றும் முடிவு செய்திருக்கிறார்கள்.

பிரிக்க இயலாமல் நின்ற வானொலித் தொகையில் கிட்டார் கலைஞருக்கு உரிய பங்கைத் தங்களுக்குள் சமமாகப் பகிர்ந்துகொள்வதாக இருவரும் எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார்கள். அடுத்து வரும் ஆல்பத்தில் இரண்டாவது மிக்ஸ் அதே எண்ணோடு இடம்பெறுகிறது. தட்டை மறுபடி அழுத்த நேர்ந்தால் முதல் மிக்ஸே போகும், இப்போது அதற்குரிய சொந்த எண்ணோடு.